முதலில் எடை, அப்புறம் மோட்டார்: மின்சார மாதிரி விமானத்துக்குப் பொருள் தேர்ந்தெடுக்கும் முறை

(எருமப்பட்டி மாணவன், இரண்டாம் ஆண்டு, மின்னியல் பட்டயப் படிப்பு)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, ஒரு கவிதை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கவிதை எழுத நம் பாலிடெக்னிக்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பத்தே விநாடியில் ஒரு மோட்டாரையும் ஒரு ஈ.எஸ்.சி.யையும் எரித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். அடுத்து செய்யப் போகிறவர்களுக்குப் பணம் மிச்சமாகும்.

நடந்தது என்ன?

நானும் வகுப்பு நண்பர்கள் இருவரும் சேர்ந்து ரேடியோ கண்ட்ரோல் விமானம் ஒன்று செய்ய முடிவு செய்தோம். ரேடியோ செட்டைத் தெரிந்த அண்ணன் ஒருவர் இரவல் கொடுத்தார். தெர்மோகோலில் இறக்கை, சன்போர்டில் உடல். மீதிப் பொருளுக்கு மூவரும் பணம் போட்டோம். ஒரு கடையில் கேட்டோம். "2200 கே.வி. மோட்டார் எடுத்துக்கோங்க தம்பி, நல்ல ஸ்பீடு. 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி., 3 எஸ் பேட்டரி போதும். புரொப்பெல்லர் பெருசா போட்டா நல்லா இழுக்கும்" என்றார்கள். பத்து அங்குலப் புரொப்பெல்லர் ஒன்றும் வாங்கினோம். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வியும் நாங்கள் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக் களத்தில் வைத்து முதல் முறை ஓட்டிப் பார்த்தோம். ஸ்டிக்கை முழுவதும் ஏற்றினேன். ஒரு கத்தல் சத்தம், அப்புறம் புகை. மோட்டார் கம்பியின் வார்னிஷ் கருகிய நாற்றம் நம் துறை மாணவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈ.எஸ்.சி.யின் மேல் உறை உருகி ஒட்டிக்கொண்டது. பேட்டரி பூரி மாதிரி உப்பிவிட்டது. அதைக் கம்பியால் தள்ளி மணலில் புதைத்தோம்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போர் மோட்டார் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியதே நான்தான். எரிந்தது அவருடைய இரண்டு நாள் கூலி. அவர் திட்டவில்லை.

"ஏஞ்சாமி, இது மொத்தம் எவ்வளவு எடை இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலீங்ப்பா, எடை போடலீங்."

"போரு எத்தன அடின்னு கேக்காமயே மோட்டாரு வாங்கியாந்தாப்பல இருக்குது போ."

அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரை. எங்கள் பக்கம் போர் போட்டால் மோட்டார் வாங்கும் முன்பு மூன்று கேள்வி உண்டு. எத்தனை அடி ஆழம்? எவ்வளவு தண்ணீர் வேண்டும்? லைனில் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது? இதற்குப் பதில் தெரிந்த பிறகே எத்தனை எச்.பி., எத்தனை ஸ்டேஜ், எந்தக் கனத்தில் கேபிள் என்று முடிவு செய்வார்கள். விமானத்துக்கும் அதே வரிசைதான். நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம்.

சிறு வரலாறு

மின்சார மோட்டாரில் ரேடியோ விமானம் பறப்பது நேற்று வந்த விஷயம் அல்ல. இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவரின் 'ரேடியோ குயின்' என்ற விமானம் 1957 ஜூன் 30-ஆம் தேதி பறந்தது. அதில் வெள்ளி-துத்தநாக பேட்டரி வைத்திருந்தார்கள். 1973 அக்டோபர் 21-இல் ஆஸ்திரியாவில் ஒரு மனிதரையே ஏற்றிக்கொண்டு மின்சார விமானம் பறந்தது. அதில் இருந்தது நிக்கல்-காட்மியம் பேட்டரி. இருந்தும் இந்தக் கலை அப்போது பரவவில்லை. காரணம் பேட்டரியின் எடை. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் செல்லை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு படிப்படியாக நிலைமை மாறியது.

ஒரு கணக்குப் பாருங்கள். நாம் போடும் 3 எஸ், 2200 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரியில் 11.1 × 2.2 = சுமார் 24 வாட்-மணி ஆற்றல் உண்டு. எடை சுமார் 180 கிராம். அதே 24 வாட்-மணியை லெட் ஆசிட் பேட்டரியில் எடுக்க வேண்டுமானால் முக்கால் கிலோ ஆகிவிடும். நம் விமானத்தின் மொத்த எடையே அவ்வளவுதான்.

நம் தமிழ்நாட்டிலும் இந்தப் பாடம் நன்றாகக் கற்கப்பட்டிருக்கிறது. சி. ராஜம் அவர்கள் 1949-இல் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி.யில்தான் டாக்டர் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். அதே எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' குழு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. மாதிரி விமானம் ஓட்டுவதில் ஆர்வம் கொண்ட நடிகர் அஜித்குமார் அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தது பலருக்கும் தெரிந்திருக்கும்.

இனி பாடத்துக்கு வருவோம். முதன்முதலில் செய்பவருக்கு ஏற்ற, மேல் இறக்கை வைத்த பயிற்சி விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இறக்கை நீளம் 100 செ.மீ., அகலம் 20 செ.மீ.

படி 1: எடை

தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசு போதும். எங்கள் இரண்டாவது விமானத்தின் எடைப் பட்டியல் இது:

தெர்மோகோல், சன்போர்டு உடல், பசையோடு: 330 கிராம்
மோட்டார், புரொப்பெல்லர், மோட்டார் பலகை: 95
ஈ.எஸ்.சி.: 25
பேட்டரி: 180
சர்வோ நான்கு, கம்பிகளோடு: 55
ரிசீவர்: 15
சக்கரம், டேப், இதர வகை: 60

மொத்தம் 760 கிராம். எப்படியும் கொஞ்சம் கூடும் என்பதால் 800 என்று வைத்துக்கொண்டோம். நாமக்கல்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஒரு முட்டை 50 கிராம் என்றால் பதினாறு முட்டை எடை. அதைத்தான் நாம் காற்றில் நிறுத்தப் போகிறோம்.

இறக்கைப் பரப்பு 100 × 20 = 2000 சதுர செ.மீ., அதாவது 0.2 சதுர மீட்டர். இந்தப் பரப்புக்கு 800 கிராம் என்றால், விமானம் கீழே விழாமல் பறக்கக் குறைந்தபட்ச வேகம் விநாடிக்குச் சுமார் 8 மீட்டர். மணிக்கு 29 கி.மீ. எடை கூடினால் இந்த வேகமும் கூடும், தரையிறக்குவது கடினமாகும். எனவே பயிற்சி விமானத்தில் எடையைக் குறைப்பதே முதல் வேலை.

படி 2: எத்தனை வாட்?

அனுபவஸ்தர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோ எடைக்கு:

மெதுவாகச் சுற்றி வர: 110 முதல் 150 வாட்
பயிற்சி விமானம்: 150 முதல் 200 வாட்
குட்டிக்கரணம் அடிக்க: 200 முதல் 240 வாட்
செங்குத்தாகத் தொங்க: 300 வாட்டுக்கு மேல்

இது பேட்டரியிலிருந்து எடுக்கும் வாட். நமக்கு 0.8 கிலோ. கிலோவுக்கு 180 வாட் என்று வைத்தால் 144. எனவே 150 வாட் என்று முடிவு செய்வோம். போருக்கு எச்.பி. முடிவு செய்தது மாதிரி இது.

படி 3: பேட்டரி வோல்டேஜ்

லிப்போ செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2. 3 எஸ் என்றால் மூன்று செல் தொடர் இணைப்பு, 11.1 வோல்ட். சுமையில் 11 என்று வைத்துக்கொள்ளலாம். 150 வாட்டை 11 ஆல் வகுத்தால் சுமார் 14 ஆம்பியர். இதே வாட்டை 2 எஸ்-இல் எடுத்தால் ஆம்பியர் 20-ஐத் தாண்டும். ஆம்பியர் கூடினால் கம்பியும் ஈ.எஸ்.சி.யும் சூடாகும், இழப்பு கூடும். நம் அளவுக்கு 3 எஸ் சரி.

படி 4: புரொப்பெல்லர்

புரொப்பெல்லரில் 9 × 6 என்று போட்டிருந்தால் விட்டம் 9 அங்குலம், பிட்ச் 6 அங்குலம். பிட்ச் என்பது ஒரு சுற்றுக்கு அது முன்னேறும் கணக்குத் தூரம். மரத்தில் ஸ்க்ரூ ஏறுவது போல.

பிட்ச் வேகம், குறைந்தபட்ச வேகத்தைப் போல் இரண்டரை மடங்காவது இருக்க வேண்டும். நமக்கு 8 × 2.5 = விநாடிக்கு 20 மீட்டர். சுற்று 8500, பிட்ச் 6 என்று வைத்தால்:

8500 × 6 × 0.0254 ÷ 60 = 21.6 மீட்டர். சரியாக வருகிறது.

அதைச் சுற்ற எவ்வளவு சக்தி வேண்டும்? இதற்கு ஒரு குத்துமதிப்புச் சூத்திரம் உண்டு. விட்டத்தை அடியில் எழுதி நான்கு முறை பெருக்கவும். பிட்சையும் அடியில் எழுதிப் பெருக்கவும். சுற்றை ஆயிரத்தில் எழுதி மும்மடி எடுத்துப் பெருக்கவும். கடைசியில் 1.2 ஆல் பெருக்கவும்.

9 அங்குலம் 0.75 அடி, நான்கடுக்கு 0.316. பிட்ச் 0.5 அடி. 8.5-இன் மும்மடி 614.
0.316 × 0.5 × 614 × 1.2 = சுமார் 116 வாட்.

இது ஷாஃப்டில் வேண்டிய வாட். மோட்டார் திறன் 75 சதம் என்றால் பேட்டரியிலிருந்து 155 வாட். நாம் முடிவு செய்த 150-க்கு அருகில் வந்துவிட்டது. புரொப்பெல்லர் 9 × 6.

சுற்றின் மும்மடி என்பதைக் கவனியுங்கள். ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் பம்புக்குப் படிக்கிறோமே, அதே விதிதான். சுற்று இரட்டிப்பானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும்.

படி 5: மோட்டாரும் கே.வி.யும்

நம் துறையில் கே.வி. என்றால் கிலோவோல்ட். 11 கே.வி. லைன், 110 கே.வி. சப்-ஸ்டேஷன். அதனால் 2200 கே.வி. என்று கேட்டதும் நாங்கள் மூவரும் சிரித்தோம். இங்கே அதற்குப் பொருள் வேறு. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே கே.வி. அது மோட்டாரின் பலத்தைக் குறிக்காது. கே.வி. கூடினால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை குறையும். லாரியில் டாப் கியர் போட்டுக் கொல்லிமலை ஏறுவது எப்படியோ, அப்படித்தான் பெரிய புரொப்பெல்லரோடு உயர் கே.வி. மோட்டார்.

சுமையில் சுற்று 75 முதல் 80 சதமாகக் குறையும். நமக்கு 8500 வேண்டும். 8500 ÷ 0.78 = 10,900. அதை 11 வோல்ட்டால் வகுத்தால் 990. எனவே 1000 கே.வி. மோட்டார்.

இப்போது எங்கள் பழைய மோட்டாரின் கணக்கைப் பாருங்கள். 2200 × 11 × 0.78 = சுமார் 18,900 சுற்று. 10 × 4.5 புரொப்பெல்லரை அந்த வேகத்தில் சுற்ற மேலே சொன்ன சூத்திரப்படி 1460 வாட்டுக்கு மேல் வேண்டும். ஏறக்குறைய இரண்டு எச்.பி.! ஒரு முட்டை எடை உள்ள மோட்டாரிடம் இரண்டு எச்.பி. கேட்டிருக்கிறேன். அது கொடுக்கப் பார்த்தது, முடியவில்லை, எரிந்தது. ஆம்பியர் நூறைத் தாண்டப் பார்க்கும் இடத்தில் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. என்ன செய்யும்? அந்த மோட்டார் கெட்ட மோட்டார் அல்ல. ஆறு அங்குலச் சிறு புரொப்பெல்லர் போட்டு வேகமாக ஓட்டுவதற்கானது.

அடுத்து மோட்டாரின் உடல் அளவு. ஒரு கிராம் எடைக்கு 3 வாட் வரை தாங்கும் என்பது பொதுக் கணக்கு. 150 வாட்டுக்கு 50 கிராம். ஆனால் நம் ஊர் சித்திரை வெயிலை நினைத்து 70 கிராம் பக்கம் எடுப்பது நல்லது. 2216 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஸ்டேட்டர் 22 மி.மீ. விட்டம், 16 மி.மீ. உயரம். சில கம்பெனிகள் வெளிக்கூட்டின் அளவைப் போடுவார்கள். எனவே எண்ணை நம்பாமல் எடையையும், தாளில் போட்டிருக்கும் ஆம்பியரையும் பாருங்கள். 12 ஆம்பியர், 60 விநாடி மட்டும் என்று போட்டிருந்தால் நமக்கு அது உதவாது. நமக்கு 14 வேண்டும்.

படி 6: ஈ.எஸ்.சி.

இந்த மோட்டாருக்குப் பிரஷ் கிடையாது. மூன்று கம்பி உள்ள நிரந்தரக் காந்த மோட்டார். பேட்டரியின் டி.சி.யை மூன்று பேஸாக மாற்றி மாற்றிக் கொடுப்பது ஈ.எஸ்.சி. நாம் படிக்கும் இன்வெர்ட்டரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 ஆம்பியருக்கு 30 சதம் கூட்டினால் 18. கடையில் 20-உம் 30-உம் கிடைக்கும். ஐந்து கிராம் எடை வித்தியாசம்தான் என்றால் 30 வாங்குங்கள். ஆனால் ஈ.எஸ்.சி. பெரிதாக இருப்பதால் மட்டும் மோட்டார் பிழைத்துவிடாது. ஆம்பியரை முடிவு செய்வது புரொப்பெல்லரும் கே.வி.யும் வோல்டேஜும்தான்.

ரிசீவருக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் கொடுக்கும் பி.இ.சி. அதற்குள்ளேயே இருக்கும். நான்கு சின்ன சர்வோவுக்கு 2 ஆம்பியர் குறையாமல் இருக்கட்டும். அது நின்றுபோனால் விமானம் நம் பேச்சைக் கேட்காது. உடலில் காற்று புக ஒரு துளையும், வெளியேற அதைவிடப் பெரிய துளையும் விடுங்கள்.

படி 7: பேட்டரி கொள்ளளவு

2200 எம்.ஏ.எச்.-இல் 80 சதம்தான் செலவழிக்கலாம். 1.76 ஆம்பியர்-மணி. முழு வேகத்தில் 14 ஆம்பியர் என்றால் ஏழரை நிமிடம். சாதாரணமாகப் பறக்க அதில் பாதி போதும், 15 நிமிடம் வரும். புதியவர்கள் டைமரை 7 நிமிடத்தில் வையுங்கள்.

மேலே 25 சி என்று போட்டிருந்தால் 2.2 × 25 = 55 ஆம்பியர் தரும் என்று பொருள். அதில் பாதியை நம்பினாலும் நமக்கு மிச்சம். பேட்டரியை இறக்கை முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.-இல் எடை மையம் வரும்படி முன்னால் வையுங்கள். மூக்கில் ஈயம் கட்டுவது வீண் சுமை.

லிப்போவைத் தனியே விட்டுச் சார்ஜ் செய்யக் கூடாது. நம் அளவுக்கு 2.2 ஆம்பியரில், பேலன்ஸ் சார்ஜரில் மட்டும். வாரக்கணக்கில் வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். உப்பியதைத் தொடாதீர்கள்.

படி 8: பறக்கும் முன் அளந்து பார்

எல்லாம் கணக்கு. கணக்கு தப்பலாம். எனவே விமானத்தைப் பெஞ்சில் கட்டி, புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்று, வாட் மீட்டர் வைத்து அளக்கவும். லேபில் இருக்கும் மல்ட்டிமீட்டரைத் தொடரில் போடாதீர்கள், 10 ஆம்பியரில் அதன் ஃப்யூஸ் போய்விடும். கிளாம்ப் மீட்டர் என்றால் டி.சி. அளக்கக்கூடியதா என்று பார்க்கவும். பெரும்பாலானவை ஏ.சி. மட்டுமே அளக்கும். முதலில் அரை ஸ்டிக், பிறகு ஐந்து விநாடி முழு ஸ்டிக். ஆம்பியர் அதிகம் வந்தால் விட்டத்தையோ பிட்சையோ ஒரு அங்குலம் குறையுங்கள். செட்டிங் மாற்றும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிடுங்கள். விரல் போனால் வராது.

எங்களுக்கு மீட்டரில் வந்தது 11.2 வோல்ட், 13.2 ஆம்பியர். 148 வாட். அந்த எண்ணைப் பார்த்ததும் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பறந்ததா?

பறந்தது. கடலை பறித்து முடித்த காட்டில், காலை ஆறரை மணிக்கு, கொல்லிமலைப் பக்கமிருந்து காற்று எழும்பும் முன்பு. ரேடியோ செட் கொடுத்த அண்ணனே முதல் முறை ஓட்டினார். ஏழு நிமிடம். இறக்கியதும் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தோம், கை வைக்கக்கூடிய சூடுதான். வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டபோது 830 எம்.ஏ.எச். ஏறியது. சராசரி 7.1 ஆம்பியர். கணக்கில் போட்டது 7.

அன்று அப்பா வேலைக்குப் போகும் வழியில் வண்டியை வரப்பில் நிறுத்திப் பார்த்தார். "எடை போட்டியா?" என்றார். "போட்டனுங்ப்பா, எட்நூறு கிராமுங்." சரியென்று தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஒரு முக்கியக் குறிப்பு. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் ரேடியோ விமானத்துக்கும் பொருந்தும். படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ கண் பார்வைக்குள் ஓட்டும் 25 கிலோவுக்கு உட்பட்டவற்றை அது மாதிரி விமானம் என்கிறது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா என்று பாருங்கள். பச்சை என்றால் பொதுவாக 120 மீட்டர் உயரம் வரை. விதிகள் மாறக்கூடியவை. பறக்கும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளவும். ஆட்கள், மாடு கன்று, மின்கம்பி உள்ள பக்கம் போகாதீர்கள்.

முடிவுரை

வரிசையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எடை, வாட், வோல்டேஜ், புரொப்பெல்லர், கே.வி., ஈ.எஸ்.சி., பேட்டரி, கடைசியில் மீட்டர். கடைக்குப் போகும்போது இந்த எட்டும் ஒரு தாளில் எழுதி உங்கள் கையில் இருக்க வேண்டும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் விமானத்தின் எடை அவருக்குத் தெரியாது.

நாமெல்லாம் பெரும்பாலும் வீட்டில் கேட்டுக் கேட்டுப் பணம் வாங்கிப் படிக்கிறவர்கள். ஒரு பொருள் எரிந்தால் இன்னொன்று வாங்க முடியாது. அப்படிப்பட்ட நமக்குக் கணக்குத்தான் மலிவான பொருள். ஒரு பேனாவும் அரைத் தாளும் போதும்.

எரிந்த மோட்டாரை நான் தூக்கிப் போடவில்லை. பிரித்து, கருகிய கம்பியை உருவிவிட்டு, புதுக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறேன். சுற்று எண்ணிக்கையைக் கூட்டினால் கே.வி. குறையும். ஆயிரத்துக்கு வருகிறதா பார்ப்போம். வந்தால் அடுத்த ஆண்டு மலரில் எழுதுகிறேன்.